முப்பத்தோராம் மாடியிலிருந்து நாலரை வினாடி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நாற்காலி போட்டீர்கள், நன்றி. நடந்துகொண்டே சொல்கிறேனே, ஐயா. வீட்டிலும் இப்படித்தான். "கால்ல சக்கரமா கட்டியிருக்கீங்க?" என்பாள் மனைவி.

அந்தக் கட்டட வேலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவேன். முப்பத்தோராம் மாடி நூறு மீட்டர் உயரம். அங்கிருந்து நழுவும் ஸ்பேனர் நாலரை வினாடியில் தரைக்கு வரும். வரும்போது அதன் வேகம் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். சாமான் ஏற்றும் லிஃப்ட்டை ஓட்டுகிறவன் மட்டும் முன்னால் வந்து நிற்பான்.

"அண்ணே, கோழி இறகும் அதே வேகத்துல விழுமா?"

"காத்து இல்லேன்னா விழும்."

"நல்லவேளை, காத்து இருக்கு" என்று சிரிப்பான்.

பொறியாளர் ஒருநாள் பாதுகாப்பு வலையைக் கழற்றச் சொன்னார். மூன்று கடிதம் எழுதினேன். கூப்பிட்டுப் பேசினார். "வலையைக் கட்டி அவிழ்க்கவே பாதி நாள் போயிடுது. இதுவரைக்கும் யார் தலையில என்ன விழுந்துச்சு, சொல்லுங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடி மாடியாக ஏறி இறங்கினேன். விளிம்பில் கிடந்த ஆணி, நட்டு எல்லாவற்றையும் பொறுக்கினேன். மறுநாள் மறுபடி கிடக்கும். என்றாவது ஒன்று விழத்தான் போகிறது. எப்போது, யார்மேல் என்று தெரியாததுதான் என்னை அரித்தது. தெரிந்துவிட்டால் நிம்மதி.

ஹெல்மெட் போடாதவன்மேல் விழுந்தால் அவன் தப்பு என்று கோப்பை மூடிவிடுவார்கள்; வலை வராது. ஒழுங்காகப் போட்டவனாக இருக்க வேண்டும். அப்படி அங்கே ஒருவன்தான் இருந்தான். பதினொரு மணித் தேநீருக்கு லிஃப்ட் வாசலில், கவிழ்த்த வாளிமேல், இம்மி நகராமல் உட்காருவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. மூன்று ஞாயிறு ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று.

அடுத்து வந்த திங்கட்கிழமை காலை அவனே வந்தான். "அண்ணே, இந்த வார் தொளதொளன்னு இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்." தாடைக்கடியில் இறுக்கிவிட்டேன். அறிக்கையில் குறை வரக்கூடாதல்லவா.

மறுநாளே வலை கட்டினார்கள். இருநூறு பேர் இப்போது அதற்குக் கீழே பத்திரமாக வேலை செய்கிறார்கள். அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கை தவறிவிட்டது என்று எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். வேண்டாம், ஐயா. மேலிருந்து போடும் சத்தம் கீழே போய்ச்சேர அரை வினாடிகூட ஆகாது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுந்து விலக அவனுக்கு முழுசாக நான்கு வினாடி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நாலரை சரியாக வருகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.