பத்தாவது கமெண்ட்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த போர்வெல்காரர் தன் மச்சானிடம் சொன்னார்: "நெட்டுல நம்ம பிளாக்ல ஒன்பது கமெண்ட்டு நானே போட்டது மச்சான். பத்தாவதுதான் யாருன்னு தெரியல."

"நீங்களே எதுக்கு மாமா போட்டீங்க?"

"'உங்கள் கருத்தை எழுதுங்கள்'னு ஒவ்வொரு தபாவும் கீழ போடறேன். ஒருத்தனும் எழுதல. காலியா இருந்தா எவன் நம்புவான்?"

"பத்தாவதுல என்ன எழுதியிருந்துச்சு?" கேட்டாரே தவிர, நீட்டிய போனை மச்சான் பார்க்கவில்லை.

போர்வெல்காரரே படித்தார். "'கையில தேங்காய வச்சு நீரோட்டம் பாத்தீங்களே, அது உப்புத்தண்ணின்னு தேங்கா சொல்லலியா?' பேரு போடல. புவனகிரியில புதுசா போர் வண்டி எறக்கியிருக்கானே, அவன் வேலதான்."

"பதில் போட்டீங்களா?"

"அழிச்சிட்டேன்."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. பிறகு மச்சான் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க வூட்டு போர்ல இன்னும் உப்புத்தண்ணிதான் மாமா வருது. நேர்ல கேட்டா பேச்ச மாத்துறீங்க. எழுதச் சொல்லியிருந்தீங்களேன்னுதான் எழுதினேன்."