முன்வருகை

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். நான் பத்து இருபதுக்கே வந்துவிட்டேன். வெளியே போட்டிருந்த நாற்காலி ஆடியது. ஒரு தாளை மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்தேன், சரியாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் உடனே சரிசெய்துவிடுவது என் சுபாவம். அவசர சிகிச்சைப் பிரிவில் நான் கைவைத்ததும் அந்தச் சுபாவத்தால்தான்.

விசாரணைக் குழு என்றதும் என் தங்கை பயந்துவிட்டாள். "அக்கா, அங்க போய் வழக்கம்போலப் பாடம் நடத்தாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள். மறைக்க எதுவும் இல்லாதவள் எதற்காகச் சுருக்கிப் பேச வேண்டும்? முதலிலிருந்தே சொல்கிறேன். தலைவர் தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்கலாம்.

நான் மருத்துவர்தான். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. கர்ப்பிணிகளுக்கு வரும் இரத்தக்கொதிப்பு என் ஆய்வுத் துறை. ஏழாம், எட்டாம் மாதத்தில் சிலருக்கு அழுத்தம் திடீரென்று ஏறும். தலை பிளக்கும், கண்ணில் பூச்சி பறக்கும், மேல்வயிறு வலிக்கும். அதற்கு அடுத்தது வலிப்பு. அதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் தாயும் பிள்ளையும் தப்பிவிடுவார்கள். ஆக, வந்ததிலிருந்து முதல் ஊசி வரை எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. எங்கள் மருத்துவமனையில் அது சராசரியாக ஐம்பத்திரண்டு நிமிடமாக இருந்தது. பதினைந்துக்குக் குறைத்துக் காட்டுவதாக எழுதிக் கொடுத்து ஆய்வுக்கு அனுமதி வாங்கினேன். கால்மணித் திட்டம் என்று பெயர் வைத்தேன்.

முதல் மூன்று மாதம் உண்மையாகவே உழைத்தேன். அந்த ஐம்பத்திரண்டு நிமிடம் எங்கே கரைகிறது என்று பார்த்தேன். மருந்து அலமாரிக்கு ஒரே சாவி. வைத்திருப்பவர் சாப்பிடப் போனால் சாவியும் சாப்பிடப் போகும். கட்டில் இரண்டுதான். பணி மருத்துவர் மூன்றாம் மாடியில் இருப்பார், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. இன்னொரு சாவி வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். நினைவூட்டியும் எழுதினேன். பதில் வரவில்லை.

அப்போதுதான் "வந்ததிலிருந்து" என்ற சொல் கண்ணில் பட்டது. ஒருவர் எப்போது வந்தவர் ஆகிறார்? வாசலைத் தாண்டும்போதா, சீட்டு வாங்கும்போதா, கட்டிலில் படுக்கும்போதா? இத்தனை வருடமாக யாரும் இதை யோசிக்கவே இல்லை. கட்டில் காலியாகி, மருந்து எடுத்து வைத்து, பெயரைக் கூப்பிட்டு, பதிவு மேசையில் பொத்தானை அழுத்தும் நொடிதான் வருகை என்று வரையறுத்தேன். அதற்கு முந்திய நிலைக்கு முன்வருகை என்று பெயரிட்டேன். அந்த நிலையில் இருப்பவர்கள் உட்கார, பிரிவுக்கு வெளியே நடைபாதையில் நீல நிற பெஞ்சு ஒன்று போடப்பட்டது. ஒரு சாவி செய்ய இரண்டு கடிதம் போதவில்லை. ஒரு சொல்லை மாற்ற யாரையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

சராசரி ஒன்பது நிமிடத்துக்கு வந்தது.

இயக்குநர் என் அறைக்கே தேடிக்கொண்டு வந்தார். "அம்பத்திரண்ட ஒம்பது ஆக்கிட்டீங்களே, எப்படிம்மா?"

"வரையறை சார்" என்றேன்.

"அதான், அதான். நம்ம ஆளுங்ககிட்ட அதுதான் இல்ல" என்று தலையை ஆட்டினார். என்ன புரிந்தது என்று நானும் கேட்கவில்லை. மாநாட்டில் விருது கொடுத்தபோது மேடையில் எனக்கும் கேடயத்துக்கும் நடுவில் நின்றார். அதன் பிறகு நான்கு மருத்துவமனைகள் நீல பெஞ்சு வாங்கின.

பொத்தானை அழுத்தும் பதிவு எழுத்தரை எல்லோரும் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவர் சொன்னார்: "மேடம், இதை வீட்டுலயும் சொல்லப் போறேன். லேட்டா வரலம்மா, இவ்வளவு நேரம் தெருமுனையில முன்வருகையில இருந்தேன்னு." நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று இரண்டு பேர் இங்கே சாட்சி சொல்லியிருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

சிக்கல் தலைமைச் செவிலியரால் வந்தது. இயக்குநர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அவரைப் பெரியக்கா என்பார்கள். முன்வருகையில் இருப்பவரைத் தொடக்கூடாது என்று நான் விதி எழுதியிருந்தேன். பேசலாம், தண்ணீர் கொடுக்கலாம். பி.பி. பார்க்கக்கூடாது. பார்த்தால் மெஷின் நேரத்தைக் கணினியில் பதிந்துவிடும், வருகை தொடங்கிவிடும். பெரியக்காவிடம் கையால் பிழியும் பழைய கருவி ஒன்று இருந்தது, ரப்பர் குழாயில் பிளாஸ்திரி ஒட்டியது. அதைத் துவாலைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் பெஞ்சில் வைத்தே பார்த்திருக்கிறார். அழுத்தம் கூடியிருந்தால் கட்டிலாவது சாவியாவது என்று கடிகாரத்தைப் பொத்தானை அழுத்தவைத்து, ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரே வாரத்தில் மூன்று பேர். முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பது நிமிடம். மூவரும் நல்லபடியாகப் பிள்ளை பெற்று வீட்டுக்குப் போனார்கள். என் சராசரிதான் படுத்துவிட்டது.

கருவியை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வாங்கிக்கொண்டதற்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். முறையில்லாமல் நான் எதையும் செய்ததில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. வந்த பெண் தையற்காரி, இருபத்தாறு வயது, எட்டாம் மாதம், முதல் பிள்ளை. நாத்தனார் தன் வண்டியில் அழைத்து வந்திருந்தாள். என் அறைச் சன்னல் நடைபாதையைப் பார்த்தது என்பதால் பெஞ்சு எனக்கு நன்றாகத் தெரியும். கட்டுரையின் இரண்டாம் படத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நாத்தனார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"டாக்டர், எங்க அண்ணிக்குத் தலைவலி தாங்க முடியல. கண்ணு முன்னாடி ஏதோ மின்னுதாம். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"பேரைக் கூப்பிடுவாங்க. இடது பக்கமாச் சாஞ்சு உக்காரச் சொல்லுங்க" என்றேன். அந்த யோசனை என் கடமைக்கு வெளியே செய்த உதவி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பெரியக்கா வந்தார். "மேடம், அந்தப் பொண்ணு வந்து முக்கால்மணி நேரம் ஆச்சு. மூஞ்சி, கை, காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. என்னோட பழைய மெஷினைக் குடுங்க, ஒரு தடவ பாத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"அவங்க இன்னும் வரல அக்கா."

"என்ன மேடம் சொல்றீங்க? அதோ உக்காந்திருக்கா."

"உக்காந்திருக்காங்க. வரல."

"உங்களைப் பெக்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப உங்கம்மா வந்தாங்களா மேடம், இல்ல சும்மா உக்காந்திருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, பெரியக்கா பணி மருத்துவரைக் கூட்டிவர மூன்றாம் மாடிக்கு ஓடினார். லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. அவர் சொன்னது மரியாதைக் குறைவுதான். நான் புகார் எழுதவில்லை.

ஊசியை பெஞ்சிலேயே போட்டிருக்கலாமே என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். என் திட்டத்துக்கு முன்னால் கட்டில் இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் ஐம்பத்திரண்டோடு நின்றது. வாசலில் இருந்து எண்ணினால் இப்போது எழுபத்தொரு நிமிடம் ஆகிறது என்று உங்கள் குழு கண்டுபிடித்திருக்கிறது. கூட்டல் சரிதான், நானும் சரிபார்த்தேன். ஆனால் வாசலில் இருந்து எண்ண வேண்டும் என்று யார் சொன்னது?

அவளுக்கு வலிப்பு பெஞ்சிலேயே வந்தது. வலிப்பு வந்தால் கட்டில் கிடைத்துவிடும், படுத்திருப்பவர்களே எழுந்து இடம் விடுவார்கள். சாவியும் வந்தது, மருத்துவரும் வந்தார். கடிகாரம் பதினொன்று இருபத்தொன்றுக்குப் பொத்தானை அழுத்தினார். பதினொன்று இருபத்தேழுக்கு ஊசி. ஆறு நிமிடம். ஆய்வு முழுவதிலும் மிகக் குறைந்த நேரம் அதுதான். மூளையில் இரத்தம் கசிந்து சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் இறந்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பெண் குழந்தை பிழைத்தது. அந்த ஆறை நான் அட்டவணையில் சேர்த்தேன். இறந்துபோனார் என்பதற்காக ஒரு நல்ல அளவை நீக்கினால் அது மோசடி.

நாத்தனார் பத்து நாள் கழித்து, வண்டி நிறுத்துமிடத்தில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பத்து ஏழு என்று அச்சாகியிருந்தது. அது மருத்துவ ஆவணம் இல்லை, பொருள்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதன் பின்னாலேயே எழுதியிருக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். வருகை என்றால் என்ன என்பதையும் படம் வரைந்து காட்டினேன். அவள் அழவில்லை.

"சரி டாக்டர். குழந்தை பொறந்த நேரத்தையாவது சரியா எழுதியிருக்கீங்களா? இல்ல, அதுக்கும் வேற அர்த்தம் இருக்கா?"

பிறந்த நேரம் என் ஆய்வில் வராது என்றேன். அவள் அந்தச் சீட்டை நேராக உங்களிடம் கொண்டுவந்தாள். நல்லதுதான். இல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப்போவதை நான் சொல்ல வாய்ப்பே கிடைத்திருக்காது.

உங்கள் வரைவு அறிக்கையைப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் "கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் என்னைப் புண்படுத்துகிறது. திருத்த வேண்டும். ஆதாரமாக இந்தக் கோப்பைத் தருகிறேன். தலைப்பு "வராதவர்கள்". பெஞ்சில் உட்கார்ந்தபடியே வலிப்பு வந்தவர்கள் இருபத்திரண்டு மாதத்தில் பதினான்கு பேர். அவர்களில் இறந்தவர்கள் ஐந்து பேர். பிள்ளையை மட்டும் இழந்தவர்களைத் தனிப் பத்தியில் கொடுத்திருக்கிறேன். தையற்காரியின் பக்கத்தைப் பாருங்கள். பத்து பதினைந்துக்கு உட்கார்ந்தாள். பத்து நாற்பத்தொன்றுக்கு நெற்றியை அழுத்தினாள். பத்து ஐம்பத்தெட்டுக்குக் கண்ணைக் கசக்கினாள். பதினொன்று ஆறுக்கு வாந்தி. பதினொன்று பத்தொன்பதுக்கு இடது கை முதலில் துடித்தது. இவையெல்லாம் சன்னலருகே உட்கார்ந்து நானே என் கையால் குறித்தவை.

மருந்து கொடுக்காமல் விட்டால் தலைவலியில் இருந்து வலிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உலகத்தில் யாரிடமும் இவ்வளவு துல்லியமான பதிவு இருக்காது. இப்படி ஓர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. தரக்கூடாது என்பதுதான் என் கருத்தும். நான் யாரையும் எதற்கும் உட்படுத்தவில்லை. அவர்களாக வந்தார்கள், உட்கார்ந்தார்கள். நான் பார்த்தேன், எழுதினேன். முதல் பெண்ணுக்கு வலிப்பு வந்தபோதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அப்போதே பெஞ்சை எடுத்திருந்தால் ஒரே ஒரு பதிவுதான் இருந்திருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

கவனக்குறைவான ஒருத்தியால் இதைச் செய்திருக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். பெரியக்கா ஊரெல்லாம் என்னைப் பற்றி என்னென்னவோ பேசுகிறாராம். அவருக்கு அந்தப் பெண்களின் பெயர்கூட இன்றைக்கு நினைவிருக்காது. என்னிடம் பதினான்கு பேரும் இருக்கிறார்கள், வயது, மாதம், நிமிடத்தோடு. எண்ணிப் பாருங்கள். ஒருவரைக்கூட நான் விட்டுவிடவில்லை.