மஸாஹிரா டீச்சரின் புதன்கிழமை வகுப்பு

மேடையிலுள்ள பெரியோர்களே, மஸாஹிரா டீச்சரின் பிள்ளைகளே, எழுபதைத் தாண்டிய எங்கள் மாணவர்களே! ஸலாம். வணக்கம். நான் நிரோஷினி. மறைந்த நம் டீச்சரோடு மூன்று வருடம் வகுப்பில் வேலை செய்தவள்.

கணித ஆசிரியை மஸாஹிரா! ஓய்வுபெற்ற பிறகு கண்டியில் முதியோருக்கு மூளைப் பயிற்சி வகுப்பு தொடங்கியவர். நோயாளிகளுக்கு அல்ல. நன்றாக இருப்பவர்களுக்கு. பாடம்? பஸ் நேர அட்டவணை. மருந்துச் சீட்டு. மனதில் வைக்க ஒரு கடைப் பட்டியல். மறதியை நிறுத்திவிடுவேன் என்றாரா? ஒருநாளும் இல்லை. "அவங்கட வேலய அவங்களே இன்னும் கொஞ்ச காலம் செய்யட்டும்" என்றார். அவ்வளவுதான்.

புசல்லாவையில் தனியாக வாழும் செல்லச்சாமி ஐயா இதோ முன்வரிசையில். மகன் சதீஸ் அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வந்தார். ஐயாவுக்கு விருப்பமில்லை. டீச்சர் சதீஸிடம் பத்து வார அவகாசம் கேட்டார். அதன்பின் ஐயா தனியாகக் கண்டி கிளினிக்குக்குப் போய், மருந்தோடு வகுப்புக்கு வர வேண்டும். முடியாவிட்டால் கொழும்பு.

நான்காம் வாரம் நான் தவறு செய்தேன். ஐயா அட்டவணையில் தடுமாறினார். பாவமாக இருந்தது. பென்சில் நுனியால் சரியான வரியைக் காட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டார். தாளைக் கிழித்தார்.

"புள்ள, பஸ் ஸ்டாண்டுக்கும் பென்சிலோட போவீங்களா?"

அன்றுமுதல் என் கைகள் மேசைக்கு அடியில்.

அந்த நாள் வந்தது. பன்னிரண்டுக்கு வரவேண்டியவர். ஒரு மணி. இரண்டு மணி. வகுப்பில் காத்திருந்த சதீஸ் எழுந்தார்.

"தேடிப் போறேன் டீச்சர்."

"இருங்க மகன்."

குரல் அசையவில்லை. நாற்காலியை மட்டும் வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டே காலுக்கு ஐயா வாசலில். கையில் மருந்துப் பொதி.

"கம்பளையில தப்பான பஸ்ல ஏறிட்டேன் டீச்சர். நாவலப்பிட்டியயும் பார்த்துட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன். கிளினிக்குல கடைசி ஆளு நான்தான்."

"யார்ட்ட வழி கேட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்லீங்க. போர்டுல நேரம் பார்த்து ஏறினேன்."

சதீஸ் சொன்னார்: "அப்ப நான் மட்டும்தான் கொழும்புக்குப் போகணுமா?"

அறையே சிரித்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம்.

ஐயா இன்றும் தன் வீட்டில். தன் சாவியோடு. ஒருவர் விட்டுப்போக இது போதாதா? துக்கம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக நிறைவு இருக்கிறது. இறைவன் டீச்சருக்குச் சுவனம் அருளட்டும்!

வகுப்பு நிற்காது. என் வாக்கு. வரும் புதன், காலை பத்து மணி. உங்கள் தாய் தந்தையரைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

அவர்களாகவே வரவிடுங்கள்.