இரண்டு தட்டு

கார் ஓட்டும்போது நான் இண்டிகேட்டர் போடுவதில்லை. அதற்காக இந்த இலையுதிர் காலத்தில் மட்டும் இரண்டு முறை போலீஸில் மாட்டி அபராதம் கட்டியிருக்கிறேன். இரண்டாவது முறை என்னை நிறுத்தியவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ரஸ்ஸல். "ஏண்டா வெஸ், விமானம் ஓட்டத் தெரியுது, ஒரு குச்சிய மேல தள்ளத் தெரியலையா?" என்று கேட்டான். விளக்கு எரிவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அந்த டிக் டிக் சத்தம்தான் ஆகவில்லை என்றேன். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி விசாரிக்கும்போது உங்களுக்கு இது தெரியவந்திருக்கும், விதிகளை மதிக்காதவன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. விமானப் பயிற்சிக் கல்லூரியில் என்னைப் போல விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் கிடையாது என்று எல்லோரும் கேலி செய்வார்கள். விமானத்தைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து பார்க்கும் வேலையை நான் ஒரு நாளும் பாதியில் விட்டதில்லை. மேரனும் விட்டதில்லை. நான் சொல்லிக்கொடுத்தது அது.

மேரன் சால்மெலா என்னைவிட இரண்டு வயது சின்னவள். எங்கள் கல்லூரியில் கடைசி வருடத்து மாணவர்களே பயிற்றுநர் உரிமம் வாங்கி, கீழ் வகுப்பு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது வழக்கம். அவர்களுக்குப் பாடம், நமக்குக் கணக்கில் ஏறும் பறந்த நேரம். அப்படித்தான் அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள். காலையில் அவள் பாஸ்டி கடையில் மாவு பிசைவாள், அப்புறம் வகுப்பு, அப்புறம் விமானம். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்து மடித்த அந்தப் பாஸ்டியில் எனக்கும் ஒன்று காகிதப் பையில் கொண்டுவருவாள். புள்ளியியல் பாடத்தின் சூத்திரங்களைத் துண்டு அட்டைகளில் எழுதி, ஓடுதளத்தில் முறைக்காகக் காத்திருக்கும்போதுகூட மடியில் வைத்துப் புரட்டுவாள். எடுத்து வைக்கச் சொன்னால் வைப்பாள். அடுத்த முறை மறுபடி மடியில் இருக்கும்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. விமானத்துக்குள் ஓயாமல் பேசும் பயிற்றுநர்களை எனக்குப் பிடிக்காது. மாணவன் தன் காதை நம்பவேண்டும், கையை நம்பவேண்டும். பக்கத்தில் ஒருவன் தொணதொணவென்று இருந்தால் அது எப்படி வரும்? அதனால் முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன்: நான் பேசாமல் இருந்தால் நீ செய்வது சரி. தப்பாக இருந்தால்தான் வாய் திறப்பேன்.

"உன் வாயில பாஸ்டி அடைச்சிருக்கா, வாத்தியாரே?" என்றாள். "நான் தனியா பறக்கும்போது நீ பேசலைன்னா, சரின்னு இருக்கியா, இல்ல தூங்கிட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். ரேடியோவில் பேசும் பொத்தானைப் பேசாமலே இரண்டு முறை அழுத்தினால், கேட்கிறவர் காதில் டிக் டிக் என்று விழும். விமானிகளுக்குள் அது பழைய வழக்கம். கேட்டது, சரி என்று அர்த்தம். அவள் தனியாகப் பறக்கும் நாட்களில் நான் வேலியோரம் கைரேடியோவோடு நிற்பேன். அவள் எதையாவது சொல்வாள், நான் இரண்டு தட்டுத் தட்டுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு தேவைப்பட்டதில்லை. அவள் மிக நன்றாக ஓட்டினாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள் என்பதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இனி லோர்னா. ஏரியில் இருக்கும் தீவுப் பூங்காவுக்குக் கோடைகாலத்தில் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களை மிதவை விமானத்தில் ஏற்றிப்போகிறவர். கரை ஏரிக்குள் நீளும் முனைக்கு அந்தப் பக்கம் அவருடைய படகுத்துறை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைத்தான் விமானியாக எடுத்துக்கொள்வார். அந்த இடத்துக்கு இங்கே எத்தனை பேர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. போன வருடக் கோடை முழுக்க நான் அவரிடம் மூட்டை தூக்கினேன், மிதவைகளுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்தேன், வாத்துப் பீ கழுவினேன். அடுத்த வருடம் பார்க்கலாம்டா என்று என் முதுகில் தட்டினார். பார்க்கலாம் என்பதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். அது என் தப்புதான்.

ஏப்ரலில் அவர் மேரனை ஒரு முறை கூட்டிக்கொண்டு பறந்தார். இறங்கி வந்து என்னிடம், "டேய் வெஸ், நல்லா சொல்லிக்குடுத்திருக்கே. இந்தப் பொண்ணு தண்ணி மேல இறங்கினா வெண்ணெய் தடவற மாதிரி இருக்கு. இந்த வருஷம் இவதான்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் சிரித்தேன், அவளுக்குக் கை கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "உனக்குத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. நீ கோவிச்சுக்கலையே?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் சரி என்று அவள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

லோர்னா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஜூன் முதல் வாரம் துறைக்கு வரும்போது வணிக விமானி உரிமம் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அடுத்தவன் நான். மேரனுக்குப் புள்ளியியல் தேர்வு, கடை வேலை, மழை என்று எல்லாம் சேர்ந்து பயிற்சி தள்ளிக்கொண்டே போனது. கல்லூரிப் பருவத்தின் கடைசி நாள் காலையில் நீண்ட தனிப்பயணம் ஒன்று பாக்கி. அன்று மதியமே உரிமத் தேர்வு வைக்கும் தேர்வாளர் தெற்கிலிருந்து வருகிறார். அவரை விட்டால் அப்புறம் ஜூன் பாதியில்தான்.

அன்று காற்று மதியத்துக்குள் ஏரியிலிருந்து வீசும்படி திரும்பலாம் என்று வானிலைக் குறிப்பில் இருந்தது. மே மாதத்தில் எங்கள் ஏரி இன்னும் பனிக்கட்டி போலத்தான் இருக்கும். கரையின் வெதுவெதுப்பான காற்று அதன் மேல் போய் நிற்கும்போது மூடுபனி கட்டும். காற்று திரும்பினால் அப்படியே கரையேறும். எங்கள் ஓடுதளமோ கரையை ஒட்டியே போகிறது. இறங்குவதற்கு ஏரியின் மேல்தான் சுற்றி வரவேண்டும். வானிலைத் தேர்வில் இந்த மூடுபனியைப் பற்றிய கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன்.

"அதுக்குள்ள வந்துடுவேன்ல?" என்று மேரன் கேட்டாள்.

"போ. காத்து திரும்பினா நான் சொல்றேன்" என்றேன்.

அவள் போனாள். பாஸ்டிப் பையை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

இதற்கப்புறம் நடந்ததாக நான் உங்கள் அலுவலகத்தில் மே மாதம் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. கைரேடியோவின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். தீரவில்லை. முந்தின நாள்தான் ஏற்றி வைத்திருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள் என்று முதலிலேயே சொன்னேன்.

முற்பகலில் அவள் குரல் வந்தது. தெற்கே வந்துவிட்டாள், தளம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏரியின் மேல் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது என்றாள். மேலிருந்து பார்த்தால் மூடுபனி எப்போதும் நிற்கிற மாதிரிதான் தெரியும். அது நடப்பது கீழே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். தளத்தில் வானிலை சொல்லும் கருவி ஒன்று உண்டு. அது காட்டுப் பக்கம், விமானக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. வானம் தெளிவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்தில், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை அப்போதுதான் சோம்பலாகத் திரும்பியது. கரையோரத்துப் பைன் மரங்கள் அடியிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தன. கழுத்தில் ஈரமாகப் பட்டது.

"வாத்தியாரே, அது நகருதா, நிக்குதா?" என்றாள். "எரிபொருள் நிறைய இருக்கு. வேணும்னா நான் ஹார்லோவுக்குப் போயிடறேன்."

ஹார்லோ காட்டுக்குள் இருக்கும் தளம். அங்கே நல்ல வெயில். அங்கே இறங்கியிருந்தால் மதியத் தேர்வு போயிருக்கும், தேர்வோடு கோடையும் போயிருக்கும்.

இப்போது என் நிலையை நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். ஹார்லோ போ என்று நான் சொன்னால், அதனால் ஆதாயம் எனக்கு. அவளுடைய இடம் எனக்கு வரும். ஒரு மனிதன் தனக்கு லாபம் இருக்கும் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஊரே என்ன பேசும்? பொறாமையில் அந்தப் பெண்ணைக் காட்டுக்குத் துரத்திவிட்டான் என்று பேசும். அதனால் ஒதுங்கி நின்றேன். முடிவை அவளிடமே விட்டேன். அவள் திறமையான விமானி. நீங்கள் இதற்கு வேறு பெயர் வைக்கலாம். நான் அதை நேர்மை என்றுதான் அப்போது நினைத்தேன்.

கோடை முழுக்க அப்படித்தான் நினைத்தேன். ஆம், லோர்னாவின் இடம் எனக்குத்தான் வந்தது. மேரனின் அடக்கம் முடிந்த வாரமே கூப்பிட்டார். மேரனின் அப்பா ஆர்ன், மீன்பிடிப் படகு வைத்திருப்பவர், ஒரு நாள் துறைக்கு வந்தார். வீட்டில் புகைபோட்ட மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "எம்மகளுக்கு நீ நல்லா சொல்லிக்குடுத்தே தம்பி. வீட்டுல உன் பேச்சாத்தான் இருக்கும்" என்றார். பிறகு மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "கடைசியா எதாவது சொன்னாளா?" என்று கேட்டார். பேட்டரி தீர்ந்துபோச்சு என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, பரவாயில்லை என்றார். அந்த மீனை நான் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தினமும் அந்த ஏரியின் மேல்தான் பறந்தேன். பயணிகளின் சீட்டுப் பட்டை மாட்டும் சத்தம், அடுப்பு பற்றவைக்கும் சத்தம், கதகதப்புக்குப் போடும் ஹீட்டர் சூடாகும்போது வரும் சத்தம், எல்லாம் இரண்டிரண்டாகக் கேட்க ஆரம்பித்தது. கேட்ட உடனே திரும்பிப் பார்ப்பேன். யாரோ என் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது, இப்போதும்.

பருவம் முடிந்து படகுத்துறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது லோர்னா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெஸ்," என்றார், "நான் ரேடியோல எது சொன்னாலும் நீ டிக் டிக்னு தட்டறே."

"ஆமா. பழக்கம்."

"அன்னிக்கு என் ரேடியோ திறந்துதான் இருந்துச்சு. நான் டேங்க்ல எண்ணெய் ஊத்திட்டிருந்தேன். அந்தப் பொண்ணு கேட்டுட்டே இருந்தா. இங்க முனை மறைக்குது, பனி வர்றது எனக்குத் தெரியல. யாராவது பதில் சொல்லுங்கடான்னு கையத் தொடச்சுக்கிட்டு ஓடினேன். அதுக்குள்ள பதில் வந்துடுச்சு. சரி, யாரோ பாத்துக்கறாங்கன்னு திரும்பிட்டேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "அது யாருன்னு கோடை முழுக்க யோசிச்சேன்டா. தினமும் என் காதுலதான் விழுந்துட்டிருந்திருக்கு."

அவர்தான் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

ஆகவே மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பதில் சொல்லாததால் அவள் மறுபடி கூப்பிட்டாள். "இருக்கியா, வாத்தியாரே?" குரலில் கொஞ்சம் கூடப் பதற்றம் இல்லை, என் மேல் இருந்த நம்பிக்கைதான் இருந்தது. பனி அப்போது வேலியைத் தாண்டி, ஓடுதளத்தின் அந்தக் கோடியை விழுங்கிவிட்டது. கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்டும் உரிமத்துக்கான பயிற்சியை அவள் இன்னும் தொடங்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும், சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான்தான்.

"ஏரிப் பக்கமா சுத்தி வர்றேன்," என்றாள். "சரின்னா வழக்கம்போல ரெண்டு தட்டு. இல்லைன்னா ஹார்லோ போறேன்."

ரேடியோ என் வலது கையில் இருந்தது. இடது கையில் பாஸ்டிப் பை, இன்னும் லேசான சூட்டோடு. கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அது இரண்டு முறை அழுந்தியது.

"நன்றி. எனக்குப் பாதி வை" என்றாள்.

எஞ்சின் சத்தம் என் தலைக்கு மேலே, வெள்ளைக்குள் போனது. ஏரியின் மேல் திரும்பியது. கொஞ்ச நேரம் ஒரே சீராகக் கேட்டது, பிறகு உயர்ந்தது, பிறகு அலைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். பனி விலகும் வரை நின்றேன்.

அவளிடம் என்ன சொன்னாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவளிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அன்றும், எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.