வகுப்பில் எல்லோருக்கும் ஒன்று

ஓட்ஸ் குக்கீ மெத்தென்று வர வேண்டுமானால் வெண்ணெயை உருக்கக் கூடாது, மிஸ்டர் ஹாஸ்கல். வெளியே எடுத்து வைத்து, தானாக இளகும்வரை பொறுத்திருக்க வேண்டும். நம் ஊரில் பாதி அம்மாக்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கடையில் வாங்கியதைச் சொந்தத் தட்டுக்கு மாற்றிவிட்டு, வீட்டில் செய்தது என்று கூசாமல் சொல்வார்கள். நான் ஒருநாளும் அப்படி ஏமாற்றியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் கோரி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஜனவரி மாதம் இறந்தான். உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் குட்டையில் பனிக்கட்டி உடைந்தபோது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிய போலீஸ்காரர் நீங்கள்தான். அதற்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை.

காதலர் தினத்துக்கு வகுப்பில் கொடுக்க வேண்டிய வாழ்த்து அட்டைகளை அவன் அதற்குள் எழுதி முடித்திருந்தான். பள்ளியின் வழக்கம்தான் தெரியுமே. பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்று பார்க்கக் கூடாது. கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். தன் பல்லை உடைத்தவனுக்குக்கூட எழுதியிருந்தான். அட்டைகள் ஷூ டப்பாவில் இருந்தன. அவன் அலமாரியில், பித்தளைக் கலசத்தில் இருந்தான்.

பிப்ரவரி விருந்துக்கு அட்டைகளோடு குக்கீயும் கொண்டுபோனேன். அன்று வெறும் குக்கீதான். கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது உங்கள் மகள் ஜோலின். "ஏய், கோரி அம்மா வந்துட்டாங்க," என்றாள். என்னை அப்படிக் கூப்பிட அந்த வகுப்பை விட்டால் வேறு யாரும் மிச்சமில்லை. வீட்டில் நான் லோர்னா. சர்ச்சில் 'பாவம் லோர்னா'.

எல்லோரும் விருந்தில் இருக்க, அவன் மட்டும் அலமாரியில் இருந்தான். அது எனக்குத் தாங்கவில்லை. அம்மை போட்டிருந்தபோதே விருந்துக்குப் போவேன் என்று அழுத பிள்ளை. அடுத்த விருந்துக்கு அவனையும் கூட்டிப்போனேன்.

சாம்பல் என்கிறோமே தவிர, அது அடுப்புச் சாம்பல்போல இருக்காது. மணலாக நறநறக்கும். காபிக்கொட்டை அரைக்கும் மிஷினில் ஒரு சுற்று விட்டு, துணியில் சலித்தேன். கருஞ்சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்ந்தால் நிறம் தெரியாது. ஒரு குக்கீக்கு ஒரு சிட்டிகை. ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று நான் செய்ததில்லை. பல்லை உடைத்தவனுக்கும் அதே சிட்டிகைதான்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள். எனக்கு அவசரமில்லை.

ஹாலோவீன், கிறிஸ்துமஸ், காதலர் தினம் என்று ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. "உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு," என்று டீச்சர் கண்கலங்கினார். பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்தார்கள். ஜோலின் என் தோளுக்கு வந்துவிட்டாள். அந்த உயரத்தில் என் மகனும் கொஞ்சம் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். சில சமயம், நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து அவன் சிரிப்பு கேட்கும். யாரிடமிருந்து வந்தது என்று திரும்பிப் பார்ப்பேன். எல்லோரும் மென்றுகொண்டிருப்பார்கள்.

"கோரி அம்மா, எங்கப்பாவுக்கும் ஒண்ணு குடுங்களேன். எங்க வீட்ல செஞ்சா கல்லு மாதிரி வருது," என்று ஜோலின் ஒருமுறை கேட்டாள். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். உங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாக மறுமுறை வந்து சொன்னாள்.

கலசம் இலேசாகிவிடக் கூடாது என்று, எடுக்க எடுக்க ஓட்ஸைப் போட்டு நிரப்பி வந்தேன். இன்று காலை என் கணவர் வெர்னன், ஆற்றில் கரைத்துவிடலாம் என்று கலசத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். அவர் மூடியைத் திறந்து கையை விட்டார்.

"லோர்னா, இது ஓட்ஸ்."

"ஆமா."

"அவன் எங்க?"

"ஸ்கூல்ல."

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் நேராக உங்களிடம்தான் வண்டியை ஓட்டினார். வழியெல்லாம் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாருக்கும் தெரியாது. எந்தப் பிள்ளைக்கும் வயிற்றுவலிகூட வந்ததில்லை. சிநேகிதர்களோடு இருக்க வேண்டியவனைச் சிநேகிதர்களிடம் சேர்த்தேன். இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் ஒன்றாவது சாப்பிட்டேனா என்றா கேட்கிறீர்கள்? என்ன கேள்வி இது, மிஸ்டர் ஹாஸ்கல். பெற்ற தாயால் அதை எப்படி வாயில் வைக்க முடியும்?