ஒரு சீசனுக்கு ஒரு கிளப்பு

இல்லக்கா, டீவியில வாறவங்க மட்டும் கிரிக்கெட்காரங்க இல்ல. அவன்ட பேர நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஸாஜித். கற்பிட்டிப் பக்கம் எத்தாளை எங்கட ஊரு. நான் அவன்ட ராத்தா, நிஸ்மியா. கூடப் பொறந்தது நாங்க ரெண்டு பேருந்தான். ஓம், அவனக் காலையிலயே ஒப்பரேஷனுக்கு உள்ளுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஒங்கட அவருக்கு ஹேர்னியாவா? அது சின்ன ஒப்பரேஷன்தான், பயப்படாதீங்க. வண்ணாத்திவில்லுல இருந்து விடியவே வெளிக்கிட்டிருப்பீங்க என்ன? இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, அங்க ஃபேன் காத்து வராது.

என்ன கதைச்சிட்டு இருந்த? ஆ, சம்பளத்துக்கு வெளயாடுறது. அதான்க்கா அவன்ட தொழில். நம்ம பக்கம் ஒருத்தன் மீனுக்குப் போவான், ஒருத்தன் உப்பு வாருவான். இவன் பந்து போடுவான். வேகப்பந்து. வாப்பா வெங்காயம் செஞ்ச தோட்டத்துல, அறுவட முடிஞ்சா அந்த மணல்ல ஓடி ஓடிப் போடுவான். கொழும்புக்குப் போன புதுசுல போன் எடுத்துச் சொன்னான், ராத்தா, புல்லுத் தரையில ஓடுறது பறக்குற மாதிரி ஈக்குண்டு.

ஸ்கூல் மெட்ச் ஒண்டப் பாத்துட்டு கிரிக்கெட் பழக்குற சேர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு. மொதக் கிளப்பு கொழும்புல. அடுத்த வருஷம் அவங்களுக்கு வேற போலர் கெடச்சிட்டான். இவன் பாணந்துறப் பக்கம் போனான். பொறகு குருணாகல். பொறகு காலி. இப்படியே ஒரு சீசனுக்கு ஒரு கிளப்பு. சீசன் முடிஞ்சா பேக்கத் தூக்கிட்டு ஊருக்கு வந்துருவான். உம்மா கேப்பா, ஏன் மகன் ஒன்ன ஒரு எடத்துலயும் வெச்சிக்கிறாங்க இல்லண்டு. அவன் சிரிப்பான். நல்ல போலர எல்லாருந்தானே உம்மா கூப்புடுவாங்க என்பான். உம்மா நம்புவா.

திறமை இல்லாமலா? அப்படி இல்லக்கா. பெரிய போலர்மார் களைச்சுப் போற நேரம் ஒண்டு ஈக்குதாம், வெயில் ஏறி, காத்தும் மூஞ்சில அடிக்கிற நேரம். அப்பதான் இவன்ட கையில பந்தக் குடுப்பாங்க. காத்துக்கு எதிரா ஓடி வந்து போடணும். எங்கட கடக்கரக் காத்துல வளந்தவன், நிப்பாட்டச் சொல்லும் வரைக்கும் போடுவான். இவன் அடிக்க உடாமக் கட்டி வெச்ச ஆள, அந்தப் பக்கத்தால வாற மத்தவன் அவுட்டாக்குவான். பேப்பர்ல மத்தவன்ட பேரு வரும். சீ, பொறாம எல்லாம் அவனுக்கு இல்ல. அவன் எடுத்தா நான் எடுத்த மாதிரித்தானே என்பான். எனக்குத்தான் வயிறு எரியும்.

நாட்டு டீமுக்கா? ஒருக்காக் கூப்புட்டாங்க! ஆருக்கோ கால்ல காயம், இவன வரச் சொன்னாங்க. அண்டைக்கு எங்கட ஊரப் பாத்திருக்கணும் நீங்க. வாசல்ல டீவியக் கொண்டு வந்து வெச்சோம். முந்தல்ல இருந்து சொந்தக்காரங்க வேன் பிடிச்சி வந்தாங்க. பாத்தா டீம்ல அவன்ட பேரு இல்ல. இருந்தாலும் ஒத்தரும் எழும்பிப் போகல்ல. நல்லா நேரம் போன பொறகு தண்ணிப் போத்தலோட கிறவுண்டுக்குள்ள ஓடி வந்தான் பாருங்க. குடுத்தான், ஆரோடயோ ரெண்டு வார்த்த கதச்சான், திரும்பி ஓடிட்டான். அவ்வளவுதான். உம்மா எழும்பிப் போயி டீவிக் கண்ணாடியில கைய வெச்சா. பாரு, எம்புட்டு வடிவா ஓடுறான் எண்ட புள்ள எண்டா. வாசல் நெறஞ்ச சனம், ஒத்தரும் சிரிக்கல்லக்கா. கை தட்டினாங்க.

காயப்பட்டவருக்குச் சொகமாச்சு, இவன அனுப்பிட்டாங்க. பேர் அடிச்ச நீலச் சட்ட ஒண்டு குடுத்திருந்தாங்க. ஒரு நாளும் அத எடுத்து உடுக்கல்ல. வெளயாடாதவனுக்கு என்னத்துக்கு என்டான்.

கலியாணமா? பேசினோம். அஸீஸாண்டு தங்கமான புள்ள. இந்த சீசன் முடியட்டும் ராத்தா, ஒரு நெரந்தரக் கிளப்பு கெடைக்கட்டும் என்டான். அடுத்த சீசனும் அதத்தான் சொன்னான். அவ காத்திருந்து பாத்தா. வீட்டுல எத்தின காலம் உடுவாங்க? சிலாபத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. கேள்விப்பட்ட அண்டைக்கு சோத்த முழுசாத் திண்டுட்டு கடக்கரைக்கு ஓடப் போனான். பொழுது பட்டு மஹ்ரிபுக்குத்தான் வீட்டுக்கு வந்தான், கண்ணு செவந்திருந்திச்சு. மணல் பட்டிட்டாம்.

அதுக்குப் பொறகுதான் இங்கிலாந்துக்குப் போனான். லண்டன் இல்ல, வடக்க ஏதோ சின்ன ஊரு. அங்கயும் ஒரே ஒரு சீசன். குளிர்ல வெரல் மரத்துப் போகுது, பந்து கையில ஈக்குதாண்டே தெரியல்ல என்பான். அந்த நேரத்துலதான் உம்மா மவுத்தானா. இன்னா லில்லாஹி. நம்மள்ல மய்யித்த வெச்சிட்டு இருக்க மாட்டோம் தானே, அண்டைக்கே அடக்கிட்டோம். அவனால எப்படி வந்து சேர ஏலும்? அண்டைக்கு அவனுக்கு மெட்ச். ஒத்தருக்கும் சொல்லாம எறங்கிப் போட்டிருக்கான். ராவு எனக்கு போன் பண்ணினான். சொன்னான், ராத்தா, இண்டைக்கு எனக்கு அஞ்சு விக்கட் என்டு. அவன்ட வாழ்க்கையிலயே அந்த ஒரு தரந்தான் அஞ்சு எடுத்த. எல்லாரும் கட்டிப் பிடிச்சாங்களாம். ஏன் அழுறாய், சந்தோசமாண்டு கேட்டாங்களாம். ஓமெண்டு சொல்லிட்டானாம்.

இந்தாங்க, தண்ணி குடிங்க. நீங்க ஏன்க்கா அழுறீங்க?

பொறகு தோள் நோவு வந்திச்சு. சீசன் தொடங்குற மாசம் போனப் பக்கத்துல வெச்சிட்டே உக்காந்திருப்பான். குளிக்கப் போறண்டாலும், அடிச்சா சொல்லுங்க ராத்தாண்டு எனக்கிட்டத் தந்துட்டுப் போவான். ஒத்தரும் கூப்புடல்ல. கடசில முந்தல் பக்கத்து இறால் பண்ணை ஒண்டுல வேலைக்குச் சேந்தான். அங்க ஒரு கொறயும் இல்ல, நல்ல மனுசரு முதலாளி.

போன மாசம் என்ன நடந்த தெரியுமா? கூப்புட்டாங்கக்கா! ஒரு சின்னக் கிளப்பு. தோள் எப்படிண்டு கேட்டாங்களாம். காத்துப் பக்கத்துல போட ஒரு ஆள் வேணுமாம். நான் சமைச்சிட்டு இருந்தேன், சின்னப் புள்ள மாதிரி குசினிக்குள்ள ஓடி வந்து சொன்னான். அடுத்த நாள்ல இருந்து விடிய சுபஹ் தொழுதுட்டு ஓடத் தொடங்கிட்டான். நோவு ஈக்குதாடாண்டு கேட்டா, எந்த நோவு என்பான். முதலாளிக்கிட்டயும் சொல்லிட்டான், மாசம் முடியும் வரைக்கும்தான் நிப்பனெண்டு.

பண்ணைக் குளத்துத் தண்ணியக் கலக்க சக்கரம் மாதிரி ஒரு சில்லு சுத்தும், கண்டிருப்பீங்க. அதுல பாசி சுத்திட்டு நிண்டிருக்கு. எடுப்பமெண்டு கைய உட்டிருக்கான். திடீரெண்டு சுத்திட்டு. சட்டக் கையோட இழுத்துட்டு. ஆரக் குத்தம் சொல்ற? வலது கை, ஓம். அதேதான்.

டொக்டர்மார் நல்லாப் பாத்தாங்க. காப்பாத்தத்தான் பாத்தாங்க. வெரல் கறுத்திச்சு, பொறகு மணிக்கட்டு, பொறகு மேல மேல ஏறிட்டே வந்திச்சு. கைய எடுக்கணும், இதுக்கு மேல வெச்சிருந்தா உசிருக்கு ஆபத்தெண்டு நேத்து அவனுக்கிட்டயே சொன்னாங்க. அவன் சரியெண்டான். இண்டைக்குக் காலையில என்னக் கூப்புட்டு, ராத்தா, அந்தக் கையில நகம் வளந்து போச்சு, வெட்டி உடுங்களேன் என்டான். வெட்டி உட்டேன். நோகுதாடாண்டு கேட்டேன். ஒண்டும் தெரியல்ல ராத்தா, குளிர்ல ஈக்கிற மாதிரி ஈக்கு என்டான்.

இல்லக்கா, ஒப்பரேஷன் முடிஞ்சிட்டு. நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் முடிஞ்சிச்சு. அவன அந்தப் பக்கக் கதவால வார்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. நல்லா ஈக்கிறான், நித்திர. பின்னேரம்தான் பாக்க உடுவாங்களாம்.

நானா? நான் இங்க நிக்கிறது அதுக்கு. நம்மள்ல அப்படி எடுத்த கைய எறிய உடுற இல்லக்கா. பள்ளி லெப்பைக்கிட்டக் கேட்டேன். குளிப்பாட்ட, தொழுவிக்கத் தேவயில்ல, வெள்ளத் துணில சுத்தி மரியாதயா அடக்கினாப் போதுமெண்டாரு. துணி கொண்டாந்திருக்கேன். மையவாடில குழி வெட்டிட்டு நிக்கிறாங்களாம், ஆட்டோவும் வெளிய நிக்கிது. இப்ப கொண்டாந்து தருவாங்க.

அக்கா, நர்ஸ் கூப்புட்டா என்னோட கொஞ்சம் வாறீங்களா? எம்புட்டுப் பாரம் ஈக்குமோ தெரியா எனக்கு.