கொட்டாஞ்சேனை ஊர்வலங்களுக்குப் பிணை நின்றவர்

தலைமை வகிக்கும் இராஜநாயகம் ஐயா அவர்களே, மேடையில் அருகருகே அமர்ந்திருக்கும் குருவானவர் அவர்களே, கோயிற் குருக்கள் அவர்களே, எங்கள் பள்ளிவாசல் லெப்பை அவர்களே, இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் கொட்டாஞ்சேனைப் பெருமக்களே!

நம்மையெல்லாம் ஒரே மண்டபத்தில் உட்கார வைக்கப் பாடுபட்ட புரொக்டர் யேசுரட்ணம் அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பேசிவிட்டுக் காய்ச்சலோடு வீடு திரும்பியவர், படுக்கையை விட்டு எழவேயில்லை.

அந்த வருடத்தை மறந்துவிட்டோமா? கோயில் தேர், மாதா சொரூபம், நபிகள் பிறந்தநாளுக்கான எங்கள் மீலாத் ஊர்வலம், மூன்றும் ஒரே வாரத்தில், ஒரே வீதியில் வந்தன. பள்ளிவாசல் முன் மேளம் அடித்ததால் மூண்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டுக் கலகத்தைக் கண்ணால் கண்ட வீதி அது! பொலிஸ் பெரிய துரை மூன்று விண்ணப்பங்களையும் வைத்துக்கொண்டு, மாதா சொரூபத்துக்கு மட்டும் பெர்மிட் தருவதாகச் சொன்னார். யேசுரட்ணம் அவர்கள் கத்தோலிக்கர். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாங்கினாரா? வெறுங்கையோடு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “மக்கீன் நானா, தந்தா மூண்டுக்கும் தரட்டும். இல்லாட்டி எங்கட மாதாவும் கோயிலுக்குள்ளையே இருக்கட்டும்.”

பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினார். தொழுகை நேரத்தில் தேர் சந்தியிலேயே நிற்கும். பள்ளிவாசலைக் கடக்கையில் மேளம் ஓயும். மீலாத் ஊர்வலத்துக்குக் கோயிலார் தண்ணீர்ப்பந்தல் போடுவர். சொரூபம் வருகையில் எங்கள் கடை வண்டில்கள் வீதியில் நில்லா. இப்படி ஓர் உடன்படிக்கை! “மேளத்தை நிப்பாட்டினா சாமிக்கு அவமரியாதை இல்லையோ?” என்று கோயிலார் கொதித்தார்கள். “நாங்க ஏன் வண்டில எடுக்கோணும்?” என்று எங்கள் ஆட்களும் குதித்தார்கள். இரு பக்கமும் வைதபோதும், எல்லாரும் கையெழுத்திடும்வரை அவர் எழுந்து போகவில்லை.

உடன்படிக்கையைக் கண்ட துரை, “கலகம் வந்தால் யார் பொறுப்பு?” என்றார். “நான்” என்றார் யேசுரட்ணம். குடியிருந்த வீட்டையே பிணையாக எழுதிக் கொடுத்து, மூன்றுக்கும் பெர்மிட் வாங்கினார்!

தேர் பள்ளிவாசலைக் கடந்தபோது எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. தேருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த யேசுரட்ணம் அவர்களின் நெற்றி பிளந்தது. எல்லாக் கண்களும் எங்கள் பக்கம் திரும்பின. இன்ஸ்பெக்டர் குண்டாந்தடியை ஓங்கி, கூட்டத்தைக் கலையச் சொன்னார். வேட்டியெல்லாம் இரத்தம் வடிய யேசுரட்ணம் அவர்கள் குறுக்கே போய் நின்றார்.

“கல்லுப் பட்டது எனக்கு. முறைப்பாடு செய்ய வேண்டியவனும் நான்தான். நான் செய்யேல்லை. தேர் போகட்டும்!”

அந்தச் சொல்லைக் கேட்டபின் எங்களால் சும்மா நிற்க முடியுமா? பள்ளிவாசல் இளைஞர்கள் இறங்கி, தேரின் இருபுறமும் கை கோத்து நடந்தார்கள். தேர் இருப்பிடம் சேர்ந்தது. மற்ற இரண்டும் அமைதியாக நடந்தன. எறிந்தவன் யார் என்று அவர் கடைசிவரை விசாரிக்கவில்லை.

அன்பர்களே, இப்போது என்ன நிலை? அன்றிலிருந்து வருடந்தோறும் பிணை நின்றவர் இறந்துவிட்டதால் இவ்வருடம் எந்த ஊர்வலத்துக்கும் அனுமதியில்லை என்று பொலிஸார் அறிவித்திருக்கிறார்கள். நாம் சும்மா இருப்பதா? அவர் ஒருவர் சுமந்ததை, இத்தனை பேர் சேர்ந்து சுமக்க மாட்டோமா? நாளைக் காலை மீண்டும் துரையிடம் போகிறோம். மறுத்தால் மறுநாளும் போவோம். கவர்னர் வரைக்கும் போவோம்!

இங்கே வருமுன் அவர் துணைவியார் ஐறீன் அம்மையாரைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போனேன். அவர் என்னை இருக்க விடவில்லை.

“நானா, கூட்டத்திலை அழுதுபோட்டுக் கலைஞ்சு போகாதேங்கோ. ஆர் ஆர் பிணைக்கு நிக்கினம் எண்டு கேளுங்கோ.”

கேட்கிறேன். என் கடையை நான் எழுதிக் கொடுக்கிறேன். அடுத்தது யார்? கையை உயர்த்துங்கள்!